டார்ம்ஸ்டாட் அரண்மனைப் பெண்மக்கள்

பெரிய குடும்பங்களின் வரலாற்றை எழுதுவோர் ஆண்வழியையே பிடித்துக்கொண்டு போவது வழக்கம். தந்தை, அவர் மகன், அம்மகனின் மகன் என்று ஏடு படிப்படியாக இறங்கிவரும். பெண்மக்களின் பெயர்கள் ஓரத்திலே சிறிய எழுத்தில் நிற்கும். விவாகமாகிப் போனதும் அவையும் மறைந்துவிடும். ஜேர்மனியின் ஹெஸ்ஸே வம்சத்து ஏட்டையும் இவ்வாறே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயினும் அந்த வீட்டின் நோயும், துயரமும், பெருமையும் பெரும்பாலும் அந்த ஓரத்துப் பெயர்களின் வழியாகவே சென்றன.

ஹெஸ்ஸே ஜேர்மனியின் நடுப்பாகத்திலுள்ள நாடு. 16ஆம் நூற்றாண்டில் அதனை ஆண்ட பிலிப் என்னும் பிரபு, மார்ட்டின் லூத்தரின் சமயச் சீர்திருத்தத்துக்குப் பெருந்துணையாக நின்றவர். அவரே, மனைவி உயிரோடிருக்க, லூத்தரிடம் இரகசியச் சம்மதம் பெற்று 1540இல் இன்னொருத்தியை மணந்து, அச்சீர்திருத்தத்துக்குத் தீராத தலைகுனிவையும் தேடிக்கொடுத்தார் என்பது வேறு கதை. 1567இல் அவர் இறந்தபோது மூத்த மனைவியின் நான்கு ஆண்மக்களுக்கும் நாடு பங்கிடப்பட்டது. தலைமகனுக்குக் காசெல் நகரும் ஏறக்குறையப் பாதி நாடும் கிடைத்தன. கடைக்குட்டியான ஜோர்ஜுக்கு டார்ம்ஸ்டாட் என்னும் சிற்றூரும் எட்டில் ஒரு பங்கும். காணிப் பங்கீட்டிலே கடைசி மகனுக்கு விழும் துண்டு எத்தகையது என்பதை நம் வாசகருக்கு விளக்க வேண்டுவதில்லை. அந்தத் துண்டே 1806இல், நெப்போலியனின் தயவினால், பெருங்கோமகன் ஆளும் நாடாக உயர்ந்தது.

சிறிய நாட்டை வைத்துக்கொண்டு பெருமை தேட விரும்புபவருக்கு அக்காலத்தில் இரண்டு வழிகள் இருந்தன: படையை வாடகைக்கு விடுவது ஒன்று, பெண்ணைக் கொடுப்பது மற்றொன்று. காசெல் கிளையினர் முதலாவதிற் பேர்பெற்றனர். அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்ட ஜேர்மன் வீரர்களிற் பெரும்பகுதியினர் அவர்கள் கூலிக்கு அனுப்பியவர்களே. டார்ம்ஸ்டாட் கிளையினர் பெண்கொடுத்து உயர்ந்தனர்.

1841இல் அவ்வீட்டுப் பெண் மரியா, பின்னர் ருஷ்யச் சக்கரவர்த்தியான இரண்டாம் அலெக்சாந்தரை மணந்தாள். மரியாவுக்கும் அவள் தமையன் அலெக்சாந்தருக்கும் உண்மைத் தந்தை பெருங்கோமகன் அல்லர், அரண்மனை உத்தியோகத்தர் ஒருவரே என்று ஊர் பேசிற்று. பெருங்கோமகன் இருவரையும் தம் மக்கள் என்றே ஏற்றுக்கொண்டதால் ஏட்டுக்கு ஒரு குறையும் நேரவில்லை. ஆண்வழி என்று நாம் நம்பிப் பிடித்திருக்கும் கயிறு தாய் ஒருத்தியின் மௌனத்தினாலேயே சில இடங்களிற் கட்டப்பட்டிருக்கிறது போலும்!

அந்த அலெக்சாந்தர் தம் தங்கையின் தோழியாயிருந்த ஜூலியா ஹவுக்கே என்பவளை 1851இல் மணந்தார். அவள் அரசகுலத்தவள் அல்லள். ஆகவே பிள்ளைகளுக்குத் தந்தையின் குலப்பெயர் மறுக்கப்பட்டு, பாட்டன்பேர்க் என்ற புதுப்பெயர் சூட்டப்பட்டது. மூத்த மகன் லூயி பதினான்காம் வயதிலே பிரித்தானியக் கடற்படையிற் சேர்ந்து, 1912இல் அதன் தலைமைப் பதவிக்கு உயர்ந்தார். 1914இல் ஜேர்மனியோடு போர் மூண்டபோது, ஜேர்மனியருக்குப் பிறந்தவர் என்ற கூச்சலால் அப்பதவியைத் துறந்தார். 1917இல் பெயரும் மவுண்ட்பாட்டன் என்று மாறிற்று. இரண்டாம் உலகப்போரில் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகத்தை 1944இல் கண்டிக்குக் கொணர்ந்து, பேராதனைப் பூந்தோட்டத்தில் இருந்துகொண்டு போரை நடத்திய மவுண்ட்பாட்டன் பிரபு இவருடைய இளைய மகனேயாவார்.

இனி அலீஸ் என்பாளின் கதைக்கு வருவோம். விக்டோரியா மகாராணியாரின் இரண்டாம் மகளான இவள், 1862ஆம் ஆண்டு யூலை 1ஆம் திகதி டார்ம்ஸ்டாட் இளவரசர் லுட்விக்கை மணந்தாள். தந்தை அல்பேட் இறந்து ஏழு மாதமும் நிரம்பவில்லை. ஒஸ்போன் மாளிகையின் போசன மண்டபத்தில், கறுப்புடை உடுத்த தாயின் முன்னே, சாவீட்டிலே நடந்த கலியாணம்போல் அது நடந்தேறியது. தந்தையின் கடைசி நாட்களில் அருகிருந்து பராமரித்தவள் பத்தொன்பது வயது நிரம்பாத இவளே. பிணியாளரைப் பேணுவதில் இவளுக்கிருந்த ஈடுபாடு அங்கேயே தொடங்கிற்று.

புகுந்த வீட்டிற் பணம் குறைவு. 1866இல் பிரஷ்யாவுக்கும் ஒஸ்திரியாவுக்கும் போர் வந்தபோது டார்ம்ஸ்டாட் ஒஸ்திரியாவின் பக்கம் நின்றது. அலீஸின் தமக்கையோ பிரஷ்ய இளவரசரின் மனைவி. போரின் நடுவே பிறந்த மூன்றாம் பெண்ணுக்குச் சமாதானம் என்று பொருள்படும் ஐரீன் என்னும் பெயரை இட்டாள் தாய். காயமுற்ற வீரர் வந்து குவிந்ததைக் கண்டவள், அடுத்த ஆண்டே பெண்களைத் தாதிமாராகப் பயிற்றுவதற்கு ஒரு சங்கம் நிறுவினாள். இவ்விடயத்தில் புளோரன்ஸ் நைற்றிங்கேலுடன் கடிதத் தொடர்பும் வைத்திருந்தாள்.

அவளுக்குப் பிள்ளைகள் எழுவர்: விக்டோரியா, எலிசபெத், ஐரீன், ஏர்ன்ஸ்ட் லுட்விக், பிரீட்ரிக், அலிக்ஸ், மரி. இவர்களுள் பிரீட்ரிக்குக்கு இரத்தம் உறையாத நோய் இருந்தது. 1873ஆம் ஆண்டு மே 29ஆம் திகதி, தாயின் அறையிலே தமையனோடு விளையாடிக்கொண்டிருந்தவன் சன்னல் வழியாகக் கீழே விழுந்தான். வேறொரு குழந்தையாயின் பிழைத்திருக்கக்கூடும். இவன் தலைக்குள்ளே இரத்தம் கசிந்து அன்றே இறந்தான். வயது இரண்டு.

இந்நோயைப் பற்றி ஒரு சொல் சொல்லவேண்டும். இது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே வருத்துவது. ஆனால் அதனைச் சுமந்து வந்து கொடுப்பவள் தாய். சுமப்பவளுக்குத் தன் உடம்பில் ஒரு நோயும் தோன்றாதிருக்கலாம். அவளுடைய ஒவ்வொரு மகனுக்கும் நோய் வருவதற்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் அதைத் தன்னோடு கொண்டுபோவதற்கும் பாதி வாய்ப்பு. விக்டோரியா மகாராணியாரிடமிருந்து அலீஸுக்கும், அலீஸிடமிருந்து ஐரீனுக்கும் அலிக்ஸுக்கும் அது இறங்கிற்று. ஏட்டில் இடம்பெறாத சீதனம் இது.

1878 நவம்பரில் டிப்தீரியா என்னும் தொண்டைக்கரப்பன் அரண்மனைக்குள் நுழைந்தது. முதலில் மூத்தவள் விக்டோரியா படுத்தாள். பின்னர் ஒருவர்பின் ஒருவராக அலிக்ஸ், மரி, ஐரீன், ஏர்ன்ஸ்ட் ஆகியோரும், தந்தையும். எலிசபெத்தை மட்டும் பாட்டி வீட்டுக்கு அனுப்பித் தப்புவித்தார்கள். 16ஆம் திகதி கடைக்குட்டி மரி இறந்தாள், நான்கு வயது. அச்செய்தியை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லாது மறைத்து, முகத்தில் ஒன்றும் காட்டாது, அலீஸ் அறைக்கு அறை நடந்து மருந்து கொடுத்தாள். தங்கையை விசாரித்தவண்ணமிருந்த பத்து வயது ஏர்ன்ஸ்டுக்கு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் உண்மையைச் சொல்லவேண்டி வந்தது. அவன் அழுத அழுகையைத் தாங்காது அவனை அணைத்து முத்தமிட்டாள். நோயாளியை நெருங்கலாகாதென்பதைப் பிறருக்குக் கற்பித்தவளே அவள். ஆயினும் எந்தத் தாய்தான் அவ்வேளையிற் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள்? அம்முத்தத்திலேயே நோய் தொற்றிற்று என்று அக்காலத்தவர் பேசிக்கொண்டனர். டிசம்பர் 14ஆம் திகதி, தந்தை இறந்து சரியாகப் பதினேழு ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், அலீஸும் இறந்தாள். அவளுக்கு வயது முப்பத்தைந்து.

எஞ்சிய பெண்கள் நால்வரும் தாயற்றவர்களாய் வளர்ந்து வாழ்க்கைப்பட்டுப் போயினர். மூத்தவள் விக்டோரியா முன்சொன்ன லூயி பாட்டன்பேர்க்கை மணந்தாள். ஐரீன் பிரஷ்ய இளவரசர் ஹைன்ரிக்கை மணந்து மூன்று ஆண்மக்களைப் பெற்றாள். இருவருக்கு இரத்தம் உறையா நோய். கடைசி மகன் நான்கு வயதில் 1904 பெப்ரவரியில் இறந்தான். அதே ஆண்டு ஓகஸ்டில், இரண்டாம் நிக்கொலஸை மணந்து ருஷ்யச் சக்கரவர்த்தினியாகியிருந்த தங்கை அலிக்ஸுக்கு, நான்கு பெண்களுக்குப் பின் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. நாடெங்கும் பீரங்கி முழங்கிற்று. சில வாரங்களிற் குழந்தையின் கொப்பூழில் இரத்தம் கசியத் தொடங்கியபோது, அது என்னவென்று தாய்க்கு எவரும் சொல்லித்தரவேண்டியிருக்கவில்லை. வைத்தியர் கைவிட்ட பிள்ளையைக் காப்பவன் என்று நம்பி ரஸ்புட்டினை அரண்மனைக்குள் விட்டதும், அதனால் விளைந்த கேடும் உலகறிந்தவை. அந்தப் பெண்ணைப் பழிப்பவர்கள் அவளுடைய ஆறாம் வயதையும் ஒருகணம் நினைத்துப் பார்த்தால் நன்று.

எலிசபெத் ருஷ்ய இளவரசர் செர்கேயை மணந்தாள். 1905இல் மொஸ்கோவிலே வெடிகுண்டு வீசிக் கணவரைக் கொன்றார்கள். சிதறிய உடலைத் தன் கையாலேயே பொறுக்கியவள், பின்னர் சிறைச்சாலைக்குச் சென்று கொலைஞனைக் கண்டு மன்னிப்பு மொழிந்தாள். நகைகளை விற்று 1909இல் மொஸ்கோவில் ஒரு மடம் நிறுவி, அதனோடு வைத்தியசாலையும் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லமும் வைத்துத் தானே நோயாளரைப் பராமரித்தாள். தாய் டார்ம்ஸ்டாட்டில் விட்டுப்போன வேலை மகள் கையில் மொஸ்கோவில் நடந்தது. 1918 யூலை 17இல் அலிக்ஸும் கணவரும் ஐந்து பிள்ளைகளும் எக்காத்தரின்பேர்க்கிற் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறுநாள் அலப்பாயெவ்ஸ்க் என்னுமிடத்தில் எலிசபெத்தை ஒரு சுரங்கக் குழியிலே தள்ளிக் கொன்றார்கள். அவள் உடல் பின்பு ஜெருசலேம் கொண்டுசெல்லப்பட்டு, ஒலிவமலையிலுள்ள மக்தலேனா மரியாள் ஆலயத்தில் வைக்கப்பட்டது.

ஊரிலே இருந்த ஒரே மகன் ஏர்ன்ஸ்ட் லுட்விக் கலைப்பித்தர். 1899இல் டார்ம்ஸ்டாட்டில் ஓவியரையும் சிற்பிகளையும் குடியேற்றி ஒரு குடியிருப்பே அமைத்தார். தம் ஒரே மகள் எலிசபெத்துக்காக வொல்ஃப்ஸ்கார்டன் மாளிகைத் தோட்டத்தில், அவள் உயரத்துக்கேற்ற ஒரு சிறு வீட்டை 1902இல் கட்டுவித்தார். மறு ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி அக்குழந்தை நெருப்புக்காய்ச்சலால் இறந்தது. மரி இறந்த அதே திகதி.

இரண்டாம் மனைவியிடம் அவருக்கு ஆண்மக்கள் இருவர் பிறந்தனர். 1918 நவம்பரில் ஆட்சி போயிற்று. 1937 ஒக்டோபர் 9இல் அவரும் இறந்தார். இளைய மகன் லுட்விக் லண்டனில் மார்கரட் கெடஸ் என்னும் ஆங்கிலப் பெண்ணை மணப்பதாக இருந்தது. அதற்காக மூத்த மகன் ஜோர்ஜ் டொனாத்துஸும், நிறைகர்ப்பிணியான மனைவி சிசிலியும், சிறுவர் இருவரும், தாயாரும் ஆகாயவிமானத்திற் புறப்பட்டனர். பெல்ஜியத்திலே ஒஸ்டெண்ட் நகருக்கருகில், மூடுபனியில், விமானம் ஒரு செங்கற் சூளையின் புகைபோக்கியில் மோதி எரிந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. அன்றும் நவம்பர் 16. சிதைவுகளிடையே, பிறந்தும் பிறவாததுமான ஒரு சிசுவின் உடலையும் கண்டெடுத்தார்கள். மறுநாள் காலை லண்டனில் மணமக்கள் துக்க உடையிலேயே மணம் முடித்துப் பிணப்பெட்டிகளை எடுத்துவரப் போயினர். அனுதாபத்தோடு இன்னொன்றையும் மறைக்காது சொல்லவேண்டும். சிசிலியும் கணவரும் அவ்வாண்டு மே மாதத்தில் நாட்சிக் கட்சியில் அங்கத்தவராகியிருந்தனர். டார்ம்ஸ்டாட் வீதியில் நடந்த மரண ஊர்வலத்தில் அக்கட்சியின் சீருடைகள் நிறைந்திருந்தன. அவற்றின் நடுவே சிசிலியின் தம்பியான பதினாறு வயதுப் பையன் ஒருவனும் நடந்தான்.

வீட்டிலே விட்டுப்போன ஒரு வயதுப் பெண்குழந்தை ஜொஹானாவைப் புதுமணத் தம்பதிகள் தத்தெடுத்தனர். 1939இல் அவளும் மூளைக்காய்ச்சலால் இறந்தாள். அவர்களுக்கு வேறு பிள்ளை இல்லை. 1960இல் காசெல் கிளையின் மோரிட்ஸ் என்பவரைத் தத்தெடுத்தார்கள். இவருடைய தந்தை நாட்சி ஆட்சியிற் பெரும்பதவி வகித்தவர். தாய் மஃபால்டாவோ அதே ஆட்சியின் புக்கன்வால்ட் முகாமில் 1944இல் உயிர்நீத்தவர். 1968இல் லுட்விக் இறக்க, டார்ம்ஸ்டாட்டின் ஆண்வழி முடிந்தது. 1567இல் நாலாகப் பிரிந்த சொத்து மோரிட்ஸிடம் சேர்ந்தது.

பெண்வழியோ முடியவில்லை. ஊர்வலத்தில் நடந்த அப்பையன், 1954இல் எலிசபெத் மகாராணியாருடன் இலங்கைக்கு வந்த எடின்பரோ கோமகன் பிலிப்பே. மூத்தவள் விக்டோரியாவின் மகள் அலீஸ். அந்த அலீஸின் மகன் இவர். எக்காத்தரின்பேர்க் காட்டில் 1991இல் தோண்டியெடுத்த எலும்புகள் யாருடையவை என்று துணியமுடியாது விஞ்ஞானிகள் திகைத்தபோது, தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் மரபுப்பொருள் ஒன்றைக் கொண்டு ஒப்பிட்டார்கள். அதற்காக இரத்தம் கொடுத்தவர் பிலிப். 1993இல் விடை வந்தது: அவருடைய பாட்டியின் தங்கை அலிக்ஸும் அவள் பெண்மக்களும் அங்கே கிடந்தனர்.

பிலிப்பின் தாய் அலீஸ் பிறவியிலேயே செவிடு. கிரேக்க இளவரசரை மணந்து, போர்க்காலங்களிற் காயமுற்றோருக்குத் தாதியாக உழைத்தவர். ஜேர்மன் படை ஏதென்ஸில் இருந்த காலத்தில் ஒரு யூதக் குடும்பத்தைத் தம் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்தவர். 1969இல் இறக்குமுன், தாயின் தங்கையான எலிசபெத்தின் அருகில் தம்மை அடக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1988இல் அவர் உடல் ஒலிவமலைக்குக் கொண்டுபோகப்பட்டது. 1994இல் பிலிப் அங்கே சென்று தாயின் கல்லறையைக் கண்டார்.