எந்த அடுப்புக்குக் கைதட்டல்?



எளாவூர் வட்டாரத்தில், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் டெலிவிஷன் இப்போது புதுமையான பொருளல்ல. 2006-ல் தொடங்கிய இலவசக் கலர் டெலிவிஷன் திட்டம் அந்தப் பெட்டியைக் கூரை வீட்டுக்குள்ளும் கொண்டு வந்தது. வலையை உலர்த்திவிட்டு வந்தவரும், கும்மிடிப்பூண்டி ஆலையில் ஷிப்டு முடித்து வந்தவரும் அதில் சமையல் போட்டி பார்க்கிறார்கள். விஜய் டி.வி.யில் 2019-ல் 'குக்கு வித் கோமாளி' தொடங்கியது. சன் டி.வி. 2021-ல் 'மாஸ்டர் செஃப்' நடத்தியது. இவற்றைப் பார்க்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. உழைத்துக் களைத்தவருக்குச் சிரிக்கவும் உரிமை உண்டு.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அங்கே மேஜைக்கு வரும் இறால் உரித்துக் கழுவி, கண்ணாடிக் கிண்ணத்தில் தயாராக இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? நம் ஏரியில் இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். முன்பணம் வாங்கியவர்களுக்கு வியாபாரி சொன்னதே விலை. அந்தக் கையும் அந்த விலையும் நிகழ்ச்சியில் வருவதில்லை. நடுநடுவே வருவது எண்ணெய், மசாலாப் பொடி விளம்பரம்தான்.

அலங்கார கேக்கின் கதையும் இதுதான். 2020 நவம்பரில் கால்பந்து வீரர் மாரடோனா காலமானார். அடுத்த மாதமே ராமநாதபுரத்தில் ஒரு பேக்கரியில் அவருக்கு ஆறடி உயரக் கேக் சிலை நின்றது. 60 கிலோ சர்க்கரை, 270 முட்டை, நான்கு நாள் வேலை என்று பத்திரிகைகள் எழுதின. முட்டை வீண் என்று சிலர் முணுமுணுக்கலாம். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். மாவையும் சர்க்கரையையும் கொண்டு ஒரு மனிதனை எழுப்பி நிறுத்துவது லேசான வேலையா? கல்லில் சிற்பம் செதுக்கியதும் தொழிலாளியின் கை. கேக்கில் சிலை செய்ததும் தொழிலாளியின் கை. ஜனங்கள் கண்டது மாரடோனாவின் முகம். நான்கு நாள் கால் கடுக்க நின்று அதைச் செய்தவர்களின் முகத்தை எத்தனை பேர் கண்டார்கள்?

அந்த 270 முட்டைக் கணக்கோடு நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டுக்கு வாருங்கள். ஆளுக்கு ஒன்றாக 270 குழந்தைகளுக்கு ஒரு நாள் போடும் முட்டை அது. காமராஜர் காலத்தில் வேரூன்றி, 1982-ல் சத்துணவுத் திட்டமாக விரிந்த மதிய உணவை இன்று சமைப்பது யார்? நம் தாய்மார்கள், சகோதரிகள். அண்டாவில் சோறு வடித்து, முட்டையை வேகவைத்து, ஒவ்வொன்றாய் உரித்து, மணி அடிக்குமுன் தயாராக வைக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் சுய உதவிக் குழுப் பெண்களே அடுப்படியில் நின்றார்கள்.

டெலிவிஷனில் ஒரே ஒரு தட்டை அழகுபடுத்தினால் நடுவர்கள் எழுந்து கைதட்டுகிறார்கள். நூறு பிள்ளைகளின் பசியை அமர்த்திய சத்துணவு ஊழியர்களோ, காலமுறை ஊதியமும் கௌரவமான ஓய்வூதியமும் கேட்டு ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று போராட வேண்டியிருந்தது. சமையல் ஒரு கலை என்று சொல்பவர்கள், அது உழைப்பு என்பதையும் ஒப்புக்கொள்ளட்டும். உழைப்பு என்றால் அதற்குக் கூலி உண்டு, ஓய்வு உண்டு, முதுமைக்குப் பாதுகாப்பு உண்டு.

நம் வீட்டு ஆண்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. திரையில் சமைப்பவரைப் புகழ்ந்துகொண்டே, "சோறு ஆச்சா?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுப்பது நியாயமா? எழுந்து போய் ஒரு கை கொடுங்கள்.

சத்துணவு ஊழியர்கள் அடுத்த முறை ஊதியக் கோரிக்கையோடு தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும்போது, அவர்கள் கைச்சோறு தின்ற பிள்ளைகளின் பெற்றோர்களாகிய நாமும் பக்கத்தில் போய் நிற்போம். அந்த அடுப்புக்கு நாம் தட்டும் கை அதுவே.