பொட்டலத்தில் கம்பித் துண்டா? உறையை எறியாதீர்கள்!

கொல்லிமலையில் உள்ளது திருப்புலி நாடு. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலை அது. பிஸ்கட்டும் மிட்டாயும் அங்கேயும் பொட்டலமாகப் போகின்றன. சட்டமும் கூடவே போகிறது!

பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே கம்பித் துண்டு அல்லது புழு. "சீ" என்று வீசி விடுகிறோம். அதோடு சாட்சியும் போய்விடுகிறது.

நத்தை வழக்கு

1928-ல் ஸ்காட்லாந்தில் மே டோனகு என்ற பெண், சிநேகிதி வாங்கிக் கொடுத்த இஞ்சி பானத்தைக் குடித்தார். சீசாவில் அழுகிய நத்தை இருந்ததாக வழக்குப் போட்டார். காசு கொடுத்தவர் சிநேகிதி. ஆனாலும், குடிப்பவருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வது தயாரிப்பாளரின் கடமை என்று 1932-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை கூறியது.

இந்தியாவில் 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உணவில் வேற்றுப் பொருள் இருந்தால் ரூ.1 லட்சம் வரை அபராதம்.

என்ன செய்வது?

விழுங்கிவிட்டால் முதலில் டாக்டரிடம் போக வேண்டும்.

மிச்சத்தைத் தின்னக் கூடாது. கிடந்த பொருளை உறையோடு பத்திரப்படுத்த வேண்டும். தயாரித்த தேதியும் தொகுதி எண்ணும் உறையில்தான் உள்ளன. படம் எடுப்பது நல்லது. பெட்டிக்கடையானாலும் ரசீது கேட்க வேண்டும்.

உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம்.

நஷ்ட ஈடு வேண்டுமா? 2019-ம் ஆண்டு சட்டப்படி, சொந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளின் விலை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

"பத்து ரூபாய்ப் பொட்டலம்தானே" என்று விட்டால், அடுத்த பொட்டலம் இன்னொரு குழந்தையின் கைக்குப் போகும்!