வெள்ளைக் கண் தாத்தா

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கிற பொடி ஈக்களைக் கவனித்ததுண்டா? அவற்றுக்குக் கண் செக்கச் செவேல். 1910-ல், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் வளர்த்த பழ ஈக்களில் ஓர் ஆண் மட்டும் வெள்ளைக் கண்ணோடு பிறந்தது.

அதைச் சிவப்புக் கண் பெண் ஈக்களோடு சேர்த்தார். பிள்ளைகள் கிட்டத்தட்ட அத்தனைக்கும் சிவப்புக் கண். பேரப்பிள்ளைகளில் வெள்ளை திரும்ப வந்தது, 782 ஈக்களுக்கு. எல்லாம் ஆண்கள்! தாத்தாவை உரித்து வைத்த பேரன்கள். பழுது எக்ஸ் குரோமோசோமில். சிவப்புக் கண்ணோடு இருக்கும் அம்மாதான் அதைச் சுமந்து வந்து மகனுக்குக் கொடுக்கிறாள். மனிதர்களில் சிவப்பு-பச்சை நிறக்குருடு ஆண்களுக்கே அதிகம் வருவதும் இதே கணக்கில்தான்.

சரி, என்ன பழுது? ஈயின் கண்ணில் பளீர் சிவப்பு, பழுப்பு என இரண்டு சாயங்கள். பழுப்பு நின்றால் கண் பளீரென்று சிவக்கும். சிவப்பு நின்றால் பழுப்பாகும். ஒரே மரபணு கெட்டு இரண்டும் எப்படி நின்றன? அது சாயம் காய்ச்சும் மரபணுவே அல்ல. இரண்டுக்குமான சரக்கைக் கண் செல்லுக்குள் ஏற்றிப்போகும் லாரி!

சாயம் வெறும் அழகுக்கும் இல்லை. ஈயின் ஒரு கண் என்பது சுமார் 750 குட்டிக் கண்கள். ஒன்றின் வெளிச்சம் பக்கத்துக் கண்ணில் கசியாமல் தடுக்கும் திரை அது. வெள்ளைக் கண் ஈக்குப் பார்வை மங்கல்.

கண்ணைச் சிவக்கவைக்கும் இந்த மரபணுவின் பெயர் என்ன தெரியுமா? 'வெள்ளை'! கெட்டால் என்ன ஆகுமோ, அதையே பெயராக வைப்பது ஈ ஆராய்ச்சிக்காரர்களின் வழக்கம்.