கூரைமேல் ஏறுமுன்

ஐப்பசி மழைக்கு முன் கூரைகளைத் துப்புரவு செய்யும் தொழிலை அவனியாபுரத்தில் தொடங்க நம் அங்கத்தினரின் பிள்ளைகள் சிலர் கடன் கோரியுள்ளனர். நன்முயற்சியே. ஆனால் கேட்பது ஏணிக்கும் துடைப்பத்துக்கும் மட்டும். பயிற்சியைப் பற்றிப் பேச்சேயில்லை. காளைக்கு அஞ்சாத ஊர்தான். ஆயினும் நாட்பட்ட அஸ்பெஸ்டாஸ் தகடு வீரனென்று பார்த்து உடையாமலிராது. அதன்மேல் நேரே கால் வைத்தல் ஆகாது. அடியிலுள்ள சட்டங்கள் தாங்குமாறு பலகையிட்டே நடக்க வேண்டும். சுரண்டுவதும் கூடாது, எழும் தூள் நுரையீரலைக் கெடுக்கும். ஏணியின் அடி, நான்கடி உயரத்திற்கு ஓரடி வீதம் சுவரைவிட்டு விலகி நிற்க, நுனி கூரைவிளிம்புக்கு மேல் மூன்றடி நீள வேண்டும்.

உயரத்தில் வேலை செய்வோர் விழாதபடி பாதுகாப்பு அமைக்க 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு பணித்தது. அது ஆலைக்குள் இருப்போருக்கு. வீட்டுக் கூரையில் ஏறுபவனுக்குச் சங்கமன்றி யார் துணை? பயிற்சி முடித்தவருக்கே கடன் என நிர்வாகக் குழு தீர்மானிக்கட்டும். அப்பயிற்சியை நூல் கிடங்கின் தாழ்ந்த ஓட்டுக் கூரையில் இம்மாதமே தொடங்கலாம்.