பெட்டை வேண்டாமாம்!

எங்கள் எதிர்வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டது. அது அவர்கள் தேடிப் பிடித்து வாங்கிய நாய் அல்ல. ஒரு மழை நாளில் தானாக வந்து திண்ணையோரம் படுத்தது; துரத்த மனமில்லாமல் சோறு வைத்தார்கள்; தங்கிவிட்டது. குட்டி போட்ட செய்தி பரவியதும் அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் குறைவில்லாமல் வந்தார்கள். குழந்தைகள் வந்தார்கள், குழந்தைகளைச் சாக்கிட்டுப் பெரியவர்களும் வந்தார்கள். "அடடா, வெல்லக்கட்டி மாதிரி இருக்கே!" என்று கொஞ்சினார்கள். பிறகு ஒரு குட்டியைத் தூக்கி, மல்லாத்தி, வயிற்றுக்குக் கீழே பார்த்தார்கள். பார்த்த மாத்திரத்தில் சிலர் முகம் மலர்ந்தது. சிலர் முகத்திலோ, கூடையில் சொத்தைக் கத்தரிக்காயைத் தொட்டுவிட்டவர்களின் பாவம். அந்தக் குட்டி மெல்லத் தரையில் இறக்கப்பட்டது.

"ஆண் குட்டியா இருந்தா சொல்லுங்க சார். பெட்டை வேண்டாம்."

இரண்டு மாதத்துக்குள் இரண்டு ஆண் குட்டிகளுக்கும் வீடு கிடைத்துவிட்டது. ஒன்றுக்கு இரண்டு பேர் போட்டி வேறு! மூன்று பெட்டைகள் மிஞ்சின. அவை என்னவாயின என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்குள் இந்த 'வேண்டாம்' என்ற வார்த்தையோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

நான் கதை எழுதுகிறவன்; மிருக வைத்தியன் அல்ல. ஆனால் ஒரு மனிதன் தன் விருப்பத்துக்குக் காரணம் சொல்லும்போது, அந்தக் காரணம் விருப்பத்துக்கு முன்னால் பிறந்ததா, பின்னால் பிறந்ததா என்று பார்ப்பது என் தொழில். ஆகவே வந்தவர்களிடம் காரணம் கேட்டேன். யாரும் தயங்கவில்லை. எல்லோரிடமும் காரணம் தயாராகவே இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

"ஆண் நாய்தான் சார் காவலுக்கு லாயக்கு" என்றார் ஒருவர். ஆண் நாய் உருவத்தில் சற்றுப் பெரிதாக வளரும் என்பது உண்மை. ஆனால் நள்ளிரவில் சுவரேறிக் குதிக்கிற திருடன், குரைக்கிற நாயை மல்லாத்திப் பார்த்துவிட்டா ஓட நினைப்பான்? குட்டிகளோடு படுத்திருக்கும் ஒரு பெட்டைக்குப் பக்கத்தில் இந்த நண்பர் ஒரு தடவை நடந்து பார்க்கட்டும். காவல் என்றால் என்ன என்பதை அது அவருடைய வேட்டி நுனியைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்கும்.

இன்னொரு அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது பருவத்துக்கு வந்தா ரொம்பத் தொல்லைங்க. வீடெல்லாம் அசிங்கம்" என்றாள். இதில் பொய் இல்லை. ஏறக்குறைய ஆறேழு மாதத்துக்கு ஒரு தரம், இரண்டு மூன்று வாரம், அந்தத் தொல்லை உண்டு. வாசலில் ஏழெட்டுக் காளையர் வந்து தவம் கிடப்பதும் உண்டு. சரி, அந்த ஏழெட்டுப் பேரும் யார் வீட்டுப் பிள்ளைகள்? 'தொல்லையே இல்லை' என்று வாங்கிய ஆண் குட்டிகள்தானே? பெட்டைக்கு வருஷத்தில் ஒன்றரை மாதம் பருவம். கருத்தடை செய்யாத ஆண் நாய்க்கோ பன்னிரண்டு மாதமும் பருவம். காற்றில் வாசனை வந்தால் போதும்; சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும். மூன்றாம் நாள் காது கிழிந்து வரும். அல்லது லாரிச் சக்கரத்தில் அகப்பட்டு வராமலே போகும். அதுவரையில் வாசல் தூண், துளசிமாடம், விருந்தாளியின் கார்ச் சக்கரம் என்று ஒன்று விடாமல் காலைத் தூக்கித் தன் பட்டாவைப் பதிவு செய்துகொண்டிருக்கும். இதற்கு அசிங்கம் என்று யாரும் பேர் வைக்கவில்லை. 'ஆம்பிளை நாய், அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லிச் சிரிக்கிறோம்.

மூன்றாவது காரணம்தான் பெரியது: "குட்டி போட்டுத் தள்ளிடும் சார்!"

ஏதோ பெட்டை நாய் ஒன்றியாக உட்கார்ந்து யோசித்து, வீட்டுக்காரருக்குச் செலவு வைக்க வேண்டுமென்று குட்டி போடுவதுபோல! இவர் வளர்க்கும் ஆண் நாயை ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் திறந்து, "கொஞ்சம் சுத்திட்டு வரட்டும்" என்று விடுகிறார். அது சுற்றிவிட்டுத்தான் வருகிறது. அறுபத்து மூன்று நாள் கழித்து, அடுத்த தெருவில் சாக்கடைக் குழாய்க்குள் ஒரு தெருநாய் ஆறு குட்டி ஈனுகிறது. இவர் கணக்கில் அது வராது. இவர் வீட்டில் குட்டி இல்லை. ஆகவே இவர் பொறுப்புள்ள மனிதர்!

குட்டி வேண்டாமென்றால் வழி இருக்கிறது. பெட்டைக்குக் கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடும் ஆபரேஷன். ஆணுக்குச் செய்வதைவிட இது பெரிய காரியம், வயிற்றைத் திறந்து செய்வது, செலவும் கூட என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஆயுளில் ஒரே ஒரு தடவை! அதோடு குட்டி போச்சு, பருவம் போச்சு, வாசலில் தவம் கிடப்பவர்களும் போச்சு. வயதான காலத்தில் கருப்பையில் சீழ் கட்டிப் பெட்டைகள் சாகிற நோயும் இல்லை. நம் ஊர்களில் 'மாட்டாஸ்பத்திரி' என்று சொல்லுகிறோமே, அங்கிருக்கும் கால்நடை மருத்துவரைக் கேட்டால் எந்த வயதில் செய்யலாமென்று சொல்வார். குட்டியை மல்லாத்திப் பார்க்கிற நேரத்தில் பாதி போதும் இதைக் கேட்க.

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிற அம்மாள் இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் வீட்டுப் பசு கிடேரிக் கன்று போட்டால் கொண்டாட்டம். காளைக் கன்று போட்டால் முகம் சுருங்கும். அதன் கதி என்னவென்று அவளும் சொல்ல மாட்டாள், நானும் கேட்கமாட்டேன். அது கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமைக்கு ஒரு கணக்கு இருக்கிறது: கிடேரி நாளைக்குப் பால் கறக்கும். பிழைப்புக்காகச் செய்கிறாள். நாய்க்குட்டி கேட்டு வருகிற நமக்கு என்ன பிழைப்பு? நமக்கு வேண்டியது ஒரு வால். நாம் ஆபீஸிலிருந்து திரும்பும்போது அது ஆட வேண்டும்; அவ்வளவுதானே? வாலாட்டுவதில் ஆண் என்ன, பெண் என்ன?

தேவை என்ன என்பதை யோசித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். 1957 நவம்பர் 3-ஆம் தேதி சோவியத் ரஷ்யர்கள் ஸ்புட்னிக்-2 கலத்தில் வைத்து அனுப்பிய லைக்கா, மாஸ்கோ தெருவில் அலைந்த ஒரு பெட்டை நாய். பெட்டைகளையே அவர்கள் பொறுக்கி எடுத்ததற்கு ஒரு காரணம் சுவாரசியமானது: அந்தக் குறுகிய பெட்டிக்குள் ஆண் நாய் காலைத் தூக்க இடமில்லை! கழிவைச் சேகரிக்கும் கருவியையும் பெட்டைக்குப் பொருத்துவது சுலபமாக இருந்தது. பாவம், லைக்கா திரும்பி வரவில்லை. புறப்பட்ட சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் செத்துப்போனது என்ற உண்மை 2002-ல்தான் வெளியே வந்தது. 1960 ஆகஸ்டில் பூமியைச் சுற்றிவிட்டு உயிரோடு இறங்கிய பெல்காவும் ஸ்ட்ரெல்காவும்கூடப் பெட்டைகளே. ஸ்ட்ரெல்கா பிறகு ஆறு குட்டி போட்டது. அதில் ஒன்றை, புஷிங்கா என்று பேர் வைத்து, 1961-ல் குருஷ்சேவ் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் வீட்டுக்குப் பரிசாக அனுப்பினார். அதுவும் பெட்டை. "ஆண் குட்டியா இருந்தா அனுப்புங்க" என்று வெள்ளை மாளிகையிலிருந்து யாரும் சொல்லியனுப்பியதாகத் தெரியவில்லை.

நாமோ பழைய கதையிலும் நமக்குப் பிடித்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம். மகாபாரதத்தின் முடிவில் தருமபுத்திரருக்குப் பின்னால் நடந்து போன நாயை எல்லோருக்கும் தெரியும். அந்த நாய் தர்மதேவதை என்று பாட்டிமார்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதே பாரதத்தின் ஆதி பர்வத்தில் வருகிற சரமை என்ற பெட்டை நாயை எத்தனை பேருக்குத் தெரியும்? ஜனமேஜயனின் யாகசாலைக்கு வந்த அவளுடைய குட்டியை அரசனின் தம்பிமார்கள் அடித்து விரட்டுகிறார்கள். அது நெய்யை நக்கவில்லை, நைவேத்தியத்தைப் பார்க்கக்கூட இல்லை. தாய் நேரே யாகசாலைக்கு வந்து, "என் பிள்ளை செய்த குற்றம் என்ன?" என்று கேட்கிறாள். அவர்களிடம் பதில் இல்லை. சபித்துவிட்டுப் போகிறாள், அரசன் நடுங்குகிறான். எனக்கு என்னவோ சொர்க்கத்துக்குப் போன நாயைவிட நியாயம் கேட்க வந்த இந்த நாயைத்தான் பிடிக்கிறது.

இனி அந்த 'வேண்டாம்' எங்கே போய் முடிகிறது என்று பார்ப்போம். வேண்டாத பெட்டைக் குட்டியை யாரும் கொல்வதில்லை. நாம் கருணை உள்ளவர்கள். கொண்டுபோய் விடுகிறோம். மார்க்கெட் பக்கம், ரயில்வே கேட்டுக்கு அப்பால், கல்யாண மண்டபத்துக் கொல்லைப்புறம். பெரும்பாலானவை பசியிலும் நோயிலும் சக்கரத்திலும் சாகின்றன. தப்பிப் பிழைத்த ஒன்று ஒரு வருஷத்துக்குள் தாயாகிறது. ஒரு தெருவிலுள்ள பத்து ஆண் நாய்களில் ஒன்பதுக்குக் கருத்தடை செய்தாலும் மிச்சமிருக்கிற ஒன்று போதும், அத்தனை பெட்டைகளும் சினையாவதற்கு. குட்டிகளின் தொகையைத் தீர்மானிப்பது பெட்டைகளின் தொகை. அந்தப் பெட்டைகளைத்தான் நாம் வீட்டுக்குள் வைக்காமல் பொறுக்கிப் பொறுக்கித் தெருவுக்கு அனுப்புகிறோம்! இப்படி ஒரு ஏற்பாட்டை எந்த முட்டாளும் யோசித்துச் செய்ய முடியாது; யோசிக்காமல்தான் செய்ய முடியும்.

பிறகு மனு எழுதுகிறோம். 'எங்கள் தெருவில் நாய்த் தொல்லை தாங்க முடியவில்லை. குழந்தைகள் பள்ளிக்கூடம் போக முடியவில்லை.' நாய்க்கடி விளையாட்டல்ல. வெறிநோய் வந்தால் மனிதன் பிழைப்பது அபூர்வம். அந்தப் பயத்தை நான் பரிகசிக்கவில்லை. நெடுங்காலம் நகரசபைகள் நாயைப் பிடித்துக் கொன்று பார்த்தன, நாய்கள் குறையவில்லை. 2001-ல் விதி வந்தது, 2023-ல் அதைத் திருத்திப் புது விதி வந்தது: பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்டில் டில்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டில் ஓர் உத்தரவு பிறந்து, பத்துப் பன்னிரண்டு நாளில் அது மாற்றப்பட்டது. நாடே இரண்டு கட்சியாக நின்று கத்தியது. அந்தக் கூச்சலில் ஒரு குரலாவது, "இந்தப் பெட்டைகளில் எத்தனையை நாம் கொண்டுவந்து விட்டோம்?" என்று கேட்டதா? என் காதில் விழவில்லை.

'நாயையும் பெண்ணையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறான்' என்று சிலர் என்மேல் கோபிக்கக்கூடும். நான் பேசவில்லை ஐயா. 1992-ல் சேலத்தில் அரசாங்கம் தொட்டில் வைத்து, 'பெண் குழந்தை வேண்டாமென்றால் கொல்லாதீர்கள், இதில் போட்டுவிட்டுப் போங்கள்' என்று கெஞ்ச வேண்டியிருந்த நாடு இது. மல்லாத்திப் பார்த்து முகம் சுளிக்கிற பழக்கத்தை இங்கே நாயிடம் வந்துதானா புதிதாகக் கற்றுக்கொண்டோம்?

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், இல்லை என்பதுதான் பதில். பன்னிரண்டு வயதில் நானே இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறேன். பெரியப்பா இரண்டு பெட்டைக் குட்டிகளைச் சாக்குப் பையில் போட்டு, சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, "ஆத்துக்கு அக்கரையிலே சந்தைப்பேட்டை இருக்குல்லடா, அங்கே விட்டுட்டு வா. கறிக்கடைக்காரங்க எதையாச்சும் போடுவாங்க. பொழச்சுக்கும்" என்றார். விட்டேன். ஒன்று அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மற்றது பாலம் வரைக்கும் சைக்கிளுக்குப் பின்னால் ஓடி வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னும் வேகமாக மிதித்தேன். வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா கடலைமிட்டாய்க்குக் காசு கொடுத்தார். வாங்கித் தின்றேன்.

அதே வார்த்தையைத்தான் போன மாதம் எதிர்வீட்டு நண்பரும் சொன்னார். அட்டைப் பெட்டியில் மூன்று குட்டிகளையும் வைத்து எடுத்துக்கொண்டு வந்து, "மீன் மார்க்கெட் பக்கம் விட்டுடலாம்னு இருக்கேன். பொழச்சுக்கும் சார்" என்றார். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். ஒன்றைப் பால்கார அம்மாள் முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள். மூன்றாவதை எடுத்துக்கொள்ள என் வீட்டில் சம்மதமில்லை. நானும் ஒரு சொல்லுக்கு மேல் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலையில் மீன் மார்க்கெட்டுக்குப் போய்த் தேடினேன். கிடைக்கவில்லை.

அந்தத் தாய்க்கு ஆபரேஷன் செய்துவிடலாம், செலவில் பாதி நான் தருகிறேன் என்று நண்பரிடம் சொல்லிப் பார்த்தேன். "பாவம் சார், வாயில்லா ஜீவன். இன்னும் ஒரு தடவை போடட்டும்" என்றார். "இந்தத் தடவை ஆணாவே நாலு போட்டுதுன்னா..."

இப்போதே இரண்டு பேர் சொல்லி வைத்திருக்கிறார்களாம்.