தெரியும் என்று சொல்லும் பொய்

ஸ்னூக்கர் விளையாட்டின் விதிகள் 1882ஆம் ஆண்டில் நம் ஊட்டி கிளப்பில்தான் வகுக்கப்பட்டன என்பதை மலைவாசிகளான நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். 1875இல் ஜபல்பூர்ப் படைமுகாமில் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் அதிகாரி தொடங்கிவைத்த ஆட்டம் அது. (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறொருவர்.) பந்தைக் குழிக்குள் தள்ளுவது ஆட்டத்தின் ஒரு பாதியே. எதிராளி அடிக்க வேண்டிய பந்தை வேறொரு பந்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, பேசாமல் நாற்காலியில் போய் அமர்ந்துகொள்வது மறுபாதி. அது முழுக்க மனப்போர். ஆயினும் அதில் பொய் இல்லை. 22 பந்துகளும் இருவர் கண்முன்னேதான் கிடக்கின்றன. கை தவறிப் பந்தில் பட்டுவிட்டால், நடுவர் காணாவிடினும் ஆட்டக்காரர் தாமே அதைச் சொல்லிவிடுவது அவ்விளையாட்டின் மரபு. பணம் கட்டி ஆடுவது ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. இங்கே நாம் பேசுவது அந்த நேர்மையைப் பற்றி மட்டுமே.

இத்தகைய மனப்போரைத்தான் நம் பிள்ளைகள் துப்பறியும் கதைகளில் விரும்பிப் படிக்கிறார்கள். 1866இல் வெளிவந்த தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில், கொலையாளி யாரென்பதில் விசாரணை அதிகாரிக்குச் சந்தேகமே இல்லை. கையில் சான்றுதான் இல்லை. பேச்சுக் கொடுக்கிறார், சீண்டுகிறார், காத்திருக்கிறார்.

இதனினும் உயர்ந்த ஒரு காத்திருப்பை நாம் சூரா யூசுஃபில் ஓதுகிறோம். தம்மைக் கிணற்றில் தள்ளிய சகோதரர்கள் தானியம் கேட்டு எதிரே நிற்கிறார்கள். யூசுஃப் (அலை) அவர்களை அறிந்துகொண்டார். அவர்கள் அவரை அறியவில்லை. பிறகொரு நாள் தம்பியின் மூட்டையில் அரசரின் பாத்திரம் அகப்பட்டபோது, இவனுடைய அண்ணனும் முன்னர் திருடியவன்தான் என்று அவர்கள் கூசாமல் சொன்னார்கள். அந்த அண்ணனிடமே சொன்னார்கள்! அவரோ பதிலைத் தம் உள்ளத்துக்குள் வைத்துக்கொண்டார்.

அவ்வாறாயின் உண்மையை வெளிக்கொணர நடக்காத ஒன்றைச் சொல்லலாமா? ஒரு குழந்தைக்கு இரு பெண்கள் உரிமை கோரியபோது, கத்தி கொண்டுவரச் சொல்லி, குழந்தையைப் பிளந்து தருவதாகக் கூறினார் சுலைமான் (அலை). இளையவள் பதறி, குழந்தை அவளுடையதே என்று விட்டுக்கொடுத்தாள். தீர்ப்பு அவளுக்கே கிடைத்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் இந்த ஹதீஸை இமாம் நஸாயீ பதிவு செய்கையில், உண்மை வெளிப்படுவதற்காக நீதிபதி தாம் செய்யப்போகாததைச் செய்வேன் என்று கூறும் அனுமதி எனத் தலைப்பிட்டார். அனுமதி நீதிபதிக்கு, அதுவும் ஒருவரின் உரிமையைக் காப்பதற்கு. வெல்வதற்காகச் சூழ்ச்சி செய்வோர் அத்தலைப்பின் கீழ் வரமாட்டார்கள்.

நம் வீடுகளில் நடப்பதோ வேறு. பிள்ளையின் கைப்பேசியில் ஏதோ இருக்கிறதென்று ஐயம் எழுந்ததும், “எனக்கு எல்லாம் தெரியும், உஸ்தாத் சொல்லிவிட்டார், நீயாகவே ஒப்புக்கொள்” என்கிறார் வாப்பா. உஸ்தாத் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். திரைப்படக் காவல் நிலையத்தில் கேட்ட வசனம் அது. பையன் அழுதுகொண்டே ஒப்புக்கொள்ளவும் கூடும். மறுநாள் மதரஸாவில் அவன் எங்களைப் பார்க்கும் பார்வை மாறியிருக்கும். தன் இரகசியத்தை எடுத்துச் சொன்னவராகவே எங்களை அவன் நினைப்பான். அதற்குப் பிறகு ஓர் ஐயத்தைக்கூட எங்களிடம் மனம் திறந்து கேட்கமாட்டான்.

பிள்ளையிடம் தானே சொன்னோம் என்போருக்கு அபூதாவூதில் ஒரு செய்தி உண்டு. ஒரு தாய், வா, தருகிறேன் என்று தம் சிறுவனை அழைத்தார். என்ன கொடுக்க நினைத்தாய் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். ஒன்றும் கொடாதிருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள்.