பதினெட்டாம் பெருக்கு

வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தினர் அனைவரும் ஒன்றாய்ப் புறப்படும் நாட்கள் வருஷத்தில் எத்தனை? நேயர்கள் விரல்விட்டு எண்ணிவிடலாம். காவேரிக் கரையில் உள்ளவர்களுக்கு ஆடி 18-ந் தேதி அப்படிப்பட்ட நாள். புளியோதரை, எலுமிச்சஞ் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் எல்லாம் பாத்திரங்களில் ஏறிய பிறகு, வடாம் டப்பாவை மறந்துவிட்டு யாராவது வாசலிலிருந்து திரும்பி ஓடாவிட்டால் அது பெருக்கே அல்ல! தஞ்சைச் சீமைக் குழந்தைகளுக்கோ சாதத்தைவிடச் சப்பரம் இழுப்பதே பெரிது. பெண்கள் நதிக்குக் காதோலை கருகமணியும் காப்பரிசியும் படைத்து மஞ்சள் சரடு கட்டிக்கொள்வார்கள். காவேரி அம்மனுக்கு மசக்கை, அதற்குத்தான் இத்தனை சித்திரான்னம் என்று பாட்டிமார் சொல்வதுண்டு.

ஆனால் உபசாரத்தை ஏற்க நதி வந்திருக்க வேண்டுமே! 1934-ல் மேட்டூர் அணை எழுந்தது முதல், பெருக்கின் தேதி பஞ்சாங்கத்தில் இருக்கிறது. பெருக்கு அணைக்குள் இருக்கிறது. மதகு திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. 2024-ல் ஜூலை 28 வரையில் திறக்கவில்லை. பிறகு இரண்டே நாளில் அணை 120 அடியும் நிரம்பிவிட்டது! ஆகஸ்டு 3-ந் தேதி பெருக்கன்று, வெள்ளத்துக்கு அஞ்சிச் சில துறைகளில் ஸ்நானமே கூடாதென்றார்கள். வறண்ட வருஷங்களிலோ மணலுக்கும் குழாய்த் தண்ணீருக்கும்தான் படையல். அப்போது சப்பரம் இழுத்து வந்த பேரன், "ஆறு எங்கே பாட்டி?" என்று கேட்டால், ஒரு கவளம் தயிர்ச் சாதத்தை அவன் கையில் வைப்பதைத் தவிரப் பாட்டிக்கு வேறு வழியில்லை.